நவம்பர் ஒன்றா, இரண்டா? ரெயூனியனில் கல்லறைத் திருநாள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவுக்கு வந்த முதல் வருஷம், நவம்பர் 2-ஆம் தேதி காலைப் பூசை முடிந்த கையோடு, ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் வாசலில் பூத்த செம்பருத்தியும் எடுத்துக்கொண்டு சேன்தாந்த்ரே கல்லறைக்குப் போனேன். எங்கள் வீட்டார் யாரும் அங்கே புதைக்கப்படவில்லை. ஆனாலும் கல்லறைத் திருநாளன்று வீட்டில் உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. புதுச்சேரியில் உப்பளம் கல்லறைக்குப் போகும்போதெல்லாம், யாரும் வராத, விளக்கில்லாத ஒரு கல்லறையைத் தேடிப் பிடித்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவது அம்மா எங்களுக்குப் பழக்கியது. அதையாவது செய்யலாம் என்றுதான் கிளம்பினேன்.

அங்கே ஒரு கூட்டமும் இல்லை. ஒவ்வொரு கல்லறை மேலும் மெழுகு உருகி வழிந்து, வெள்ளை ஓட்டில் கெட்டியாகிக் கிடந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் திரி கருகியிருந்தது. சாமந்திப் பூந்தொட்டிகள் முந்தின நாள் வெயிலில் வாடித் தலை சாய்ந்திருந்தன. ஒரு மூதாட்டி மட்டும் காலிக் கிண்ணங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார்: "நேற்றல்லவா திருநாள்! ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறாயே, மகளே."

நான் பிந்தவில்லை. வழிபாட்டு நாட்காட்டியின்படி இறந்தோர் நாள் நவம்பர் 2-தான். முதல் தேதி அனைத்துப் புனிதர் பெருவிழா. பழைய ஜெபப் புத்தகங்களில் சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள். அது அழுகிற நாளே இல்லை. பீடத்தில் வெள்ளை உடுப்பு, வானவர் கீதம், மகிழ்ச்சி. மறுநாள்தான் ஊதா. அப்படியிருக்க இந்தத் தீவு முழுவதும் முதல் தேதியே கல்லறைக்குப் போவது எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கியபோது, இரண்டு நாள்களின் கதையும் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

முதலில் முதல் தேதியை எடுத்துக்கொள்வோம். ஆதித் திருச்சபையில் திருநாள் என்று கொண்டாடப்பட்டவர்கள் வேதசாட்சிகள்தான். ஒருவர் கொல்லப்பட்ட நாளை அவருடைய விண்ணகப் பிறந்தநாள் என்று சொல்லி, அவர் கல்லறையிலேயே கூடிப் பூசை செய்தார்கள். வேதகலாபனை, அதாவது விசுவாசத்துக்காகக் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவது, பெருகப் பெருக, சாட்சிகளின் எண்ணிக்கை வருஷத்தின் நாள்களை மிஞ்சிவிட்டது. ஒரே நாளில் பத்துப் பேர், நூறு பேர். பலருடைய பெயர்கூடத் தெரியாது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாள் வேண்டும் என்ற எண்ணம் முதலில் கிழக்கில்தான் எழுந்தது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனித யோவான் கிறிசோஸ்தோம், பெந்தகோஸ்துக்கு அடுத்து வந்த வேதசாட்சிகள் அனைவரின் நாளில் ஆற்றிய பிரசங்கம் இன்றும் இருக்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் பெந்தகோஸ்துக்கு அடுத்த ஞாயிறையே எல்லாப் புனிதர்களின் ஞாயிறாகக் கொண்டாடுகின்றன. நவம்பர் என்பது மேற்கின் வழக்கம்.

ரோமையில் இதற்கு ஒரு கட்டடத்தின் கதையும் உண்டு. எல்லாத் தெய்வங்களுக்குமான கோயில் என்று பெயர் பெற்ற பாந்தியோன் வெறுமையாக நின்றது. அதைப் பேரரசர் போக்காஸிடம் கேட்டு வாங்கிய நான்காம் பொனிப்பாஸ் பாப்பரசர், 609 அல்லது 610-இல், மே மாதம் 13-ஆம் தேதி, தேவமாதாவுக்கும் எல்லா வேதசாட்சிகளுக்கும் ஒப்புக்கொடுத்தார். சுரங்கக் கல்லறைகளிலிருந்து வண்டி வண்டியாக எலும்புகளைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள் என்று மரபு சொல்கிறது. அதனால் ரோமையில் முதலில் இருந்த தேதி மே 13. அடுத்த நூற்றாண்டில், 731 முதல் 741 வரை பாப்பரசராக இருந்த மூன்றாம் கிரகோரியார் புனித இராயப்பர் (பேதுரு) கோயிலுக்குள் ஒரு சிற்றாலயம் கட்டினார். அதை வேதசாட்சிகளுக்கு மட்டுமின்றி, உலகெங்கும் துயில்கொள்ளும் நீதிமான்கள் எல்லாருக்கும் அர்ப்பணித்தார். கொல்லப்பட்டவர்களோடு நின்ற வட்டம், நல்லபடியாக வாழ்ந்து கண்மூடிய சாதாரணமானவர்கள் வரைக்கும் இங்கேதான் விரிகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

தேதி நவம்பருக்கு எப்படி நகர்ந்தது? 800-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்தின் வட பகுதியிலும், அங்கிருந்து வந்த அறிஞர் அல்குயினின் தொடர்பால் பிராங்குகளின் நாட்டிலும் நவம்பர் 1 தென்படுகிறது. 835-இல் நான்காம் கிரகோரியாரின் தூண்டுதலால் பேரரசர் லூயி தம் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் அதைத் திருநாள் ஆக்கினார். 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜான் பெலெத் இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் சொல்கிறார்: ரோமைக்கு வரும் யாத்திரிகர் கூட்டத்துக்கு மே மாதத்தில் சோறு போட முடியவில்லை, அறுப்பு முடிந்த நவம்பரில் முடிந்தது.

கிறிஸ்தவத்துக்கு முன்பே நவம்பர் தொடக்கத்தில் கொண்டாடப்பட்ட அயர்லாந்தின் பழைய சம்ஹைன் பண்டிகையை மறைக்கத்தான் சபை இந்தத் தேதியைப் பிடித்தது என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே ஏற்க எனக்கு முடியவில்லை. அயர்லாந்தின் சொந்தப் பழைய நாட்காட்டியில் எல்லாப் புனிதர்களின் நாள் ஏப்ரல் 20-இல் இருக்கிறது. சம்ஹைனை மறைப்பது நோக்கமாக இருந்திருந்தால், நவம்பர் முதலில் அயர்லாந்தில்தானே வந்திருக்க வேண்டும்?

சரி, யார் இந்தப் 'புனிதர் அனைவரும்'? அன்று பூசையில் வாசிக்கும் முதல் வாசகம் திருவெளிப்பாடு 7-ஆம் அதிகாரம். முத்திரையிடப்பட்டவர்கள் 1,44,000 பேர் என்று எண்ணிக்கை சொன்ன யோவான், அடுத்த மூச்சிலேயே யாராலும் எண்ண முடியாத ஒரு பெரும் திரளைப் பார்க்கிறார். எல்லா நாடு, குலம், இனம், மொழியிலிருந்தும் வந்தவர்கள், கையில் குருத்தோலை. அதன் பின் நற்செய்தியாக மலைப்பொழிவின் பேறுகள்: துயருறுவோர் பேறுபெற்றோர், கனிவுடையோர் பேறுபெற்றோர். சின்னப்பர் (பவுல்) தம் நிருபங்களில் பரிசுத்தவான்கள் என்று எழுதும்போது உயிரோடிருக்கிற சபையாரைத்தான் சொல்கிறார். பீடத்தில் சுரூபம் வைக்கப்பட்டவர்களுக்கு வருஷத்தில் தனித்தனி நாள் இருக்கிறது. நவம்பர் 1 சுரூபம் இல்லாதவர்களின் நாள். உங்கள் பாட்டியும் அதில் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அந்த இடைவெளியில்தான் இரண்டாம் தேதி பிறந்தது.

இறந்தவர்களுக்காக வேண்டுவது சபையைவிடப் பழையது. மக்கபேயர் இரண்டாம் புத்தகம் 12-ஆம் அதிகாரத்தில், போரில் விழுந்த தம் வீரர்களின் உடுப்புக்குள் அந்நியச் சிலைகளின் தாயத்துகள் இருப்பதை யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே கண்டுபிடிக்கிறார். அவர்களைச் சபித்துவிட்டுப் போகவில்லை. வீரர்களிடம் தண்டி, ஏறத்தாழ 2,000 வெள்ளிக்காசை எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார். 387-இல் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்துகொண்டிருந்த புனித மோனிக்கம்மாள் மகன் அகுஸ்தீனிடம் சொன்னதும் இதே வகையைச் சேர்ந்தது. சொந்த ஊர் ஆப்பிரிக்காவில், கணவரின் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று வெகுநாள் ஆசைப்பட்டவர் அவர். கடைசியில், இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடல் தாண்டி வந்த இடத்தில் கண்மூடிய ஒரு தாயின் வார்த்தை இது. கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள் வாழும் இந்தத் தீவில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துவிடுகிறது.

இதற்கென்று ஒரு நாளைக் குறித்தவர் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோன். 994 முதல் 1049 வரை அதிபராக இருந்தவர். ஏறத்தாழ 998-இல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சற்றுப் பிந்தி என்று சொல்கிறவர்களும் உண்டு. குளூனியின் கீழிருந்த மடங்கள் எல்லாவற்றுக்கும் அவர் ஒரு கட்டளை போட்டார்: புனிதர் திருநாளன்று சாயங்காலச் செபம் முடிந்ததும் மணிகளை அடித்து இறந்தோருக்கான செபத்தைத் தொடங்குங்கள், மறுநாள் பூசை செய்யுங்கள், ஏழைகளுக்குத் தானம் கொடுங்கள். மணி அடிப்பது முதல் தேதி சாயங்காலம் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு தேவைப்படும்.

ஓதிலோன் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஒரு கதை வழங்கி வந்தது. எருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பிய ஒருவரின் கப்பல் புயலில் சிக்கி ஒரு தீவில் ஒதுங்கியது. அங்கிருந்த தவசி அவரிடம் சொன்னார்: இங்கே பக்கத்தில் தீ கக்கும் இடம் ஒன்று இருக்கிறது, ஆத்துமாக்கள் அதில் வேதனைப்படுகின்றன, அவை தங்கள் பிடியிலிருந்து தப்பிப்போவதாகப் பசாசுகள் புலம்புவது என் காதில் விழுகிறது, அதிலும் குளூனி மடத்தாரின் வேண்டுதலைத்தான் அதிகமாகத் திட்டுகின்றன என்று. யாத்திரிகர் ஊர் திரும்பி ஓதிலோனிடம் சொல்ல, திருநாள் பிறந்தது. புனித பேதுரு தமியான் எழுதிய ஓதிலோனின் வரலாற்றிலும் இந்தக் கதை இருக்கிறது. எரிமலை உள்ள ஒரு தீவில், புயல்மழையில் கூரை அதிரும் இரவில் இதைப் படித்துப் பாருங்கள். பழங்கதை என்று தள்ளிவிடத் தோன்றாது. ரோமை இந்த நாளை ஏற்க மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின.

இறந்தவர்களின் ஆத்துமாக்கள் விண்ணகம் சேருமுன் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனையும் இந்த நாளும் சேர்ந்தே வளர்ந்தன. சேர்ந்தே கேள்விக்கும் உள்ளாயின. 1517-இல் மார்ட்டின் லுத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட தேதி அக்டோபர் 31, அதாவது புனிதர் திருநாளின் முந்தின நாள். ஜெர்மனியில் அவர் இருந்த விட்டன்பெர்க் ஊரின் கோட்டைக் கோயில் எல்லாப் புனிதர்களுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. மறுநாள் அங்கே புனிதப் பண்டங்களைத் தரிசித்துப் பலன் பெற ஜனங்கள் திரளுவார்கள். இறந்தவர்களின் மீட்பைக் காசுக்கு விற்க முடியுமா என்ற கேள்வியைக் கேட்க அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. 1563-இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கம் போதனையை உறுதிசெய்தது. கூடவே அதை வைத்துக் காசு பார்ப்பதையும் கண்டித்தது. இன்று சபை சொல்வது எளிமையானது: நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டுகிறவர், வழக்கமான நிபந்தனைகளோடு, ஒரு பரிபூரண பலனை (பாவத்தின் தண்டனை முழுவதும் நீங்கும் சலுகையை) அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். கொரோனா வந்த 2020-இல், கூட்டம் சேராமல் இருக்க அதை மாசம் முழுவதற்கும் நீட்டினார்கள்.

இனி ரெயூனியனுக்கு வருவோம். இந்தத் தீவு பிரான்சின் ஒரு பகுதி, விடுமுறைகளும் பிரான்சினுடையவை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நெப்போலியன் ரோமையோடு உடன்படிக்கை செய்தபோது, முன்பிருந்த திருநாள்கள் பலவும் வெட்டப்பட்டன. ஞாயிறு தவிர நான்கே நான்கு மிஞ்சின: கிறிஸ்மஸ், ஆண்டவரின் விண்ணேற்றம், மாதாவின் விண்ணேற்பு, அப்புறம் புனிதர் அனைவரின் திருநாளான தூசேன். 1802-இல் வந்த ஏற்பாடு இது. இறந்தோர் நாள் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாம் தேதி ஆலைக்கும் வயலுக்கும் போயாக வேண்டும். அதோடு, ஓதிலோனின் மணி அடித்தது முதல் தேதி சாயங்காலம் அல்லவா? புனிதர் திருநாளின் சாயங்காலச் செபம் முடிந்ததும் இறந்தோருக்கான செபம், பிறகு கல்லறைக்குச் சுற்றுப்பிரகாரம் என்று பிரெஞ்சுப் பங்குகளில் ஏற்கெனவே வழக்கம் இருந்தது. விடுமுறையும் வழக்கமும் ஒரே பக்கம் சாய்ந்தபோது, கல்லறைத் திருநாள் முதல் தேதிக்கு நகர்ந்துவிட்டது.

புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, ஆனால் எங்களுக்குக் கல்லறைத் திருநாள் இரண்டாம் தேதியேதான். அரசு நாட்காட்டி அங்கே சனங்களின் வீட்டுப் பழக்கத்துக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை என்று நினைக்கிறேன். கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவருக்கு விடுமுறைதான் நாட்காட்டி.

பூ விஷயமும் அப்படித்தான். முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் வந்த முதல் ஆண்டு நினைவுநாளுக்குப் பிரான்சில் வீரர்களின் கல்லறைகளைச் சாமந்தியால் அலங்கரித்தார்கள். நவம்பரில் அங்கே பூக்கிற பூ அது. அதிலிருந்து அது கல்லறைப் பூவாக நிலைத்துவிட்டது. இங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டு விருந்துக்கு நான் மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய், அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது. நம் ஊரில் கல்யாணப் பந்தலுக்கும் சாமந்தி, சாமிக்கும் சாமந்தி, பாடைக்கும் சாமந்தி. அதே போர்க்காலத்தில், 1915-இல், பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பாப்பரசர் உலகின் எல்லாக் குருக்களும் நவம்பர் 2-இல் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். அதுவரை ஸ்பெயின், போர்த்துகல் சார்ந்த நாடுகளுக்கு மட்டும் இருந்த சலுகை அது.

ஆனால் இந்தத் தீவில் நவம்பர் முதல் தேதிக்கு இருக்கிற கனம் விடுமுறையால் மட்டும் வந்ததில்லை. 1723-இல் இந்தத் தீவுக்காகப் பிறப்பிக்கப்பட்ட அடிமைச் சட்டம், ஞானஸ்நானம் பெற்ற அடிமையை மந்திரித்த நிலத்தில் புதைக்கச் சொன்னது. பெறாதவரை இரவில், இறந்த இடத்துக்குப் பக்கத்து வயலில் புதைக்கச் சொன்னது. கல்லறை என்பதே ஒரு உரிமையாக இருந்த ஊர் இது. 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வீசியபோது, சேன்-போல் ஊரில் கடலோரக் கல்லறைக்குப் பக்கத்து மணலைக் கடல் அரித்தது. உள்ளேயிருந்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடிமைக் காலத்துப் புதைகாடு அது. பெயரும் சிலுவையும் இல்லாமல் அத்தனை பேர் கிடந்திருக்கிறார்கள்.

1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்ததும், அந்த இடத்தை நிரப்ப நம் ஆட்கள் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னை எனப் பல துறைமுகங்களிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர். 1882-இல் ஆங்கிலேயர் நிறுத்தும்வரை அது நடந்தது. மல்பார் என்று இங்கே அழைக்கப்படுகிறவர்கள் அவர்களுடைய வழிவந்தவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு எண் உண்டு. தங்கள் பூட்டனின் எண்ணைக் கண்டுபிடிக்க ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்காரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். காளி கோயிலையும் விடவில்லை. ஒரே வீட்டில் மாதா சுரூபமும் மாரியம்மன் படமும் இருப்பது இங்கே யாருக்கும் முரணாகப் படுவதில்லை.

அவர்கள் வைத்திருக்கும் ஒரு சடங்கின் பெயர் சம்ப்ளானி. நம் சாம்பிராணிதான் கிரியோல் நாக்கில் புரண்டு அப்படி ஆகியிருக்கிறது. அது புகையின் பெயராக இல்லாமல், முன்னோருக்குப் படைக்கும் சடங்கின் பெயராகவே மாறிவிட்டது. வாழையிலை விரித்து, இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பார்கள். சோறு, கோழிக்கறி, பாட்டனுக்கு ஒரு கிளாஸ் ரம், சிகரெட் குடித்தவருக்குச் சிகரெட். தமிழ் முழுவதும் போய்விட்ட வீடுகளில்கூட இந்த ஒரு சொல் போகவில்லை. நம் மாளய அமாவாசை புரட்டாசியில் வந்து போன பிறகு, அதிகம் தள்ளாமல் தூசேன் வருகிறது. அமாவாசைக் கணக்கு மறந்துபோன வீடுகளுக்கு நவம்பர் முதல் தேதி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதைக் கலப்படம் என்று குறைசொல்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சபைக்கு வேதசாட்சிகளின் கணக்கு தவறியபோது ஒரு நாளை எல்லாருக்குமாக ஒதுக்கினார்கள். கணக்கு வைக்கவே வழியில்லாமல் போன ஒரு சனம் அந்த நாளைப் பற்றிக்கொண்டது.

இப்போது நான் இரண்டு நாளும் போகிறேன். முதல் தேதி மத்தியானத்துக்கு மேல் சேன்தாந்த்ரே கல்லறை திருவிழாப்போல் இருக்கும். ஒரு வாரமாகவே சுண்ணாம்பு அடித்து, ஓடு தேய்த்துக் கழுவி வைத்திருப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார். நெற்றியில் பொட்டு வைத்த பெண்கள் சிலுவை வரைந்துகொள்வார்கள். முதல் வருஷம் நான் பார்த்த அந்த மூதாட்டி தன் கணவரின் கல்லறையை முடித்துவிட்டு, நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடிக்குப் போவார். குடும்பக் கல்லறை எங்கே என்று தெரியாதவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் இடம் அது. அங்கே அவர் ஏற்றுவது மூன்று. இந்தியாவிலிருந்து வந்த பூட்டனுக்கு ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு என்று போன வருஷம் கேட்டேன்.

"அவர்களோடு கப்பலேறி, வந்து சேராதவர்களுக்கு," என்றார். காற்றில் திரி அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் பற்றவைத்தார்.